துணி தைக்காத மெஷின்

முட்டிவலியையும் சர்க்கரை மாத்திரையையும் மருமகள்களையும் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் தோழிகளே. இன்றைக்கு எனக்கு வேறொன்று சொல்ல வேண்டும். நேற்று மதியம் போனில் ஒரு வீடியோ வந்தது. எந்த ஊரோ தெரியவில்லை, தலை நரைத்த ஒரு பெண்மணி, கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து மெல்லிய பலகையை வாத்து உருவமாக அறுத்துக்கொண்டிருந்தார். பிழைப்புக்காக இல்லை, ஆசைக்காக. இப்படிப்பட்ட ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். ஒருவர் அறுத்ததை இன்னொருவருக்குக் காட்டி, ‘எந்த பிளேடு போட்டீர்கள், என்ன பலகை’ என்று விசாரித்துக்கொள்கிறார்கள். ஸ்க்ரோல் சா என்பது அந்த மெஷினின் பெயர். பெயர்தான் எனக்கு நேற்றுத் தெரிந்தது. மெஷினை நாலாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

தொண்டியில் எங்கள் வீட்டுக்கு அது தையல் மெஷின் என்ற பெயரில்தான் வந்து இறங்கியது.

என் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பியை நான் சின்னத்தா என்பேன். கல்யாணமான கையோடு வளைகுடாவுக்குப் போய், குழாய் பதிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் மனைவி சின்னம்மா எங்களோடுதான் இருந்தாள். திருவாடானைப் பக்கத்துப் பெண், கல்யாணத்துக்கு முன்பே தையல் கிளாசுக்குப் போனவள். வளைகுடாப் புருஷனிடம் எங்கள் தெருப் பெண்கள் என்னவெல்லாமோ கேட்பார்கள். அவள் கேட்டது தையல் மெஷின் ஒன்றுதான். சின்னத்தாவும் அங்கே பழைய சாமான் சந்தையில் அலைந்து, இரும்பில் வளைந்த கையும் அதன் நுனியில் ஊசியும் இருந்த ஒன்றைப் பார்த்ததும் வாங்கிவிட்டார். கரண்டு போட்டுக் காட்ட அங்கே வசதி இல்லையாம். தையல் மெஷின் பக்கத்தில்கூட உட்கார்ந்து பார்க்காத மனிதர்.

லீவில் வந்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் சாமானோடு எங்கள் பெட்டியும் வந்தது. மஞ்சள் நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். கயிற்றை அறுக்க அத்தா விடவில்லை. துணி உலர்த்தக் கொடி கட்டலாம் என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கச் சொன்னார். அதற்குள் தெருப் பெண்கள் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு மெஷின். கீழே கனமான பீடம், அதன்மேல் சின்னதாக ஒரு தட்டு, தட்டுக்கு மேலே வளைந்து வரும் கை, அந்தக் கையிலிருந்து தட்டின் நடுத்துளைக்குள் இறங்கும் ஊசி. நீங்கள் பார்த்திருந்தாலும் தையல் மெஷின் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

“நூலு எங்கன கோக்குறதுன்னு தெரியலையே” என்று சின்னம்மா குனிந்து தேடினாள்.

“பாரின் மெஷின்மா. நூலு உள்ளுக்குள்ளேயே இருக்கும்” என்றாள் எதிர் வீட்டு மாமி. அவளுக்குத் தெரியாத விஷயம் எங்கள் தெருவில் கிடையாது.

“சக்கரத்தையும் காணோம் மாமி.”

“கரண்டுல ஓடுறதுக்கு எதுக்குச் சக்கரம்? இந்தா, முதல்ல என் துணிய வை. கைராசியா இருக்கும்.”

தன் புருஷனுக்குச் சட்டை தைக்க எடுத்து வைத்திருந்த புத்தம்புது டெரிகாட்டன் துணியை மாமி நீட்டினாள். சின்னம்மா பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டாள். மெஷின் அந்தத் துணியைத் தைக்கவில்லை, தின்றது. கவ்வி இழுத்து, நார்நாராகக் கிழித்து, மீதியை ஊசியில் சுருட்டிக்கொண்டு நின்றது. மாமி போட்ட கூச்சலில் முன்கூடத்தில் இருந்த அத்தா எழுந்துவிட்டார்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்னம்மா என் அத்தாவோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். புருஷனின் அண்ணன் அல்லவா. உங்களில் சிலர் வீட்டிலும் இதே கதைதான் இருந்திருக்கும். அத்தா முன்கூடத்தில் நாற்காலியில் இருப்பார், சின்னம்மா சமையல்கட்டு வாசலில் தொங்கும் பூப்போட்ட திரைக்குப் பின்னால் நிற்பாள், நடுவில் நான். ‘சின்னம்மாட்ட சொல்லு’ என்று அத்தா சொல்வது அவளுக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திரையை விலக்கி அதை ஒருமுறை சொல்ல வேண்டும். பதிலும் அதே வழியில் திரும்பும். ஒருநாள் என் வாய் நிறையப் பணியாரம். நான் விழுங்கி முடிக்கிறவரை, மறுநாள் ஆணம், அதாவது குழம்பு, மீனா கறியா என்ற விஷயம் அந்தரத்தில் நின்றது.

அன்றைக்கும் அத்தா, “என்ன புள்ள சத்தம்?” என்று என்னைத்தான் கேட்டார்.

“மெஷினு மாமி துணியத் தின்னுருச்சு அத்தா.”

மெஷினை எட்டிக்கூடப் பார்க்காமல் அத்தா தீர்ப்புச் சொன்னார். “ஒரு பார்ட்டு குறையுது. அதான் இப்படி. தம்பி பார்ட்ட அனுப்பிருவான்னு சொல்லு.”

தெருவுக்கு அது போதுமாக இருந்தது. அதன் பிறகு யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சலாம் சொன்ன கையோடு, “பார்ட்டு வந்துருச்சா?” என்பார்கள். மீன்காரம்மாகூடக் கூடையை இறக்கும்போதே கேட்டாள்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவிலிருந்து வளைகுடாவுக்குக் கேசட்டுதான் அதிகம் போகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு, டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவோம். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். முதல் பேச்சு அத்தாவுடையது.

“அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. இங்கன எல்லாரும் அல்லா கிருபையில நல்லாருக்கோம். நீ அனுப்புன தையல் மெஷின் பத்திரமா வந்து சேந்துச்சு. அருமையான மெஷினு. உன் வீட்டுப் புள்ள ஓயாம தைச்சுக்கிட்டே இருக்கு. தெருவே வந்து பாத்துட்டுப் போகுது.”

நான் திரையைப் பார்த்தேன். அது அசையவில்லை. கடைசியாக ரிக்கார்டர் திரைக்குப் பின்னால் போனபோது சின்னம்மா சொன்னது, “நல்லாருக்கேன். ஒடம்பப் பாத்துக்கங்க” என்பது மட்டும்தான். அத்தா சொன்னதை அவள் மறுத்தும் பேசவில்லை, ஒத்தும் பேசவில்லை.

பெரியவர்கள் எல்லோரும் அவள் ஏமாந்துபோய் வருத்தத்தில் இருப்பதாக நினைத்தார்கள். “பாவம், ஆசையாக் கேட்டுச்சு” என்று என் அம்மா எனக்கு ஊட்டும்போதெல்லாம் சொல்வாள். அது சுத்தமாகத் தப்பு என்று எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் உள்ளறையில் அவளோடு நான் இருந்தேன்.

மாட்டிக்கொண்ட டெரிகாட்டன் நூலைச் சின்னம்மா ஊசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். எடுக்கும்போது விரல் நின்றது. “இங்கன தொட்டுப் பாரு பாப்பா” என்றாள். தொட்டேன். ஊசியின் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நறநறவென்று இருந்தது.

“பல்லு இருக்கு சின்னம்மா.”

“ஊசிக்கு எதுக்குப் பல்லு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அத்தாவின் மளிகைக் கடைக்குத் தேயிலை பிளைவுட் பெட்டிகளில் வரும். உள்ளே வெள்ளிக் காகிதம், ஓரத்தில் தகரப் பட்டை. காலியான பெட்டிகள் எங்கள் வீட்டில் பழைய துணி போட, கோழி அடைக்க, ஏறி நின்று ஒட்டடை அடிக்க என்று எல்லாவற்றுக்கும் உதவும். அப்படி ஒன்றின் உடைந்த மூடியை எடுத்துவந்து தட்டின்மேல் வைத்து, சுவிட்சைப் போட்டு, மெதுவாகத் தள்ளினாள்.

அத்தனை சுலபமாக ஒரு பலகை வழிவிடும் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. முதலில் நேராக ஒரு கோடு போனது. பிறகு அவள் பலகையை லேசாகத் திருப்பினாள். கோடும் திரும்பியது. இன்னும் திருப்பினாள், இன்னும் திரும்பியது. அறுக்க அறுக்கத் தேயிலை வாசனையும் கோந்து வாசனையும் கலந்து அறை முழுக்க எழுந்தது. சின்னம்மா சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அன்றைக்கு அவள்மேல் வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

முதலில் அறுத்தது வாவல் மீன். அடுத்தது நண்டு. திருக்கைக்கு வால் நிற்கவே இல்லை, மெல்லிசாக அறுத்தால் ஒடிந்துவிடும். தடிமனாக விட்டு ஒன்று செய்தாள். அதை நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். கடற்கரைத் தெருவிலிருந்து வரும் என் பெஞ்சுக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “திருக்கைக்கு இம்புட்டுத் தடிச்ச வாலா? சோறு ரொம்பப் போட்டு வளத்துட்டீங்களோ?” என்றாள். சின்னம்மாவிடம் அதைச் சொன்னபோது கோபப்படவில்லை. “வால எந்தப் பக்கம் வளைக்கணும்னு அவகிட்ட கேட்டுட்டு வா” என்றாள்.

மத்தியானத்தில் லுஹர் தொழுதுவிட்டு அத்தா கண்ணயரும் நேரம் எங்களுடையது. சாயங்காலம் ஆனால் எங்கள் ஊர்க் கரண்டு தெரியுமே, பல்பு எரிகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். மெஷினும் முனகும். மத்தியானத்தில்தான் அது திடமாக ஓடும். மரத்தூள் ஏறாமல் இருக்கச் சின்னம்மா முக்காட்டை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொள்வாள், எனக்கும் ஒரு துண்டைக் கட்டிவிடுவாள். அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, “வழிப்பறிக்குக் கிளம்புறீகளா ரெண்டு பேரும்?” என்றாள்.

கடைக் காலண்டரில் பனிமலையும் அதன் அடியில் சிவப்பு வீடும் போட்ட படம் ஒன்று இருந்தது. சோற்றுக் கஞ்சியைத் தடவி அதைப் பலகையில் ஒட்டி, காய்ந்ததும் வளைந்து வளைந்து துண்டுகளாக அறுத்தாள். துண்டுகளைக் கலைத்துப் போட்டால் மறுபடி சேர்க்க வேண்டும். தெருப் பிள்ளைகள் எல்லாம் அதற்காக எங்கள் முற்றத்தில் வந்து கிடந்தார்கள். சிவப்பு வீட்டின் கதவு இருந்த துண்டு மட்டும் ஒருநாள் மணலில் எங்கேயோ போய்விட்டது. சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்கவில்லை. அதன்பின் கதவே இல்லாத வீட்டைத்தான் நாங்கள் சேர்த்துக்கொண்டிருந்தோம், அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

அடுத்து அவளுக்குப் பூவேலையில் ஆசை வந்தது. கல்யாணப் புடவையின் ஜரிகைக் கரையை விரித்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். கரையில் இருந்த பூவும் கொடியும் தாளில் அப்படியே எழும்பின. பலகைக்கு நடுவே அறுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு துளை வேண்டும். சாக்கு தைக்கும் குத்தூசியை அடுப்பில் காய்ச்சி, புஸ்ஸென்று புகை வரப் பலகையில் இறக்குவாள். மெஷினிலிருந்து பிளேடை மேலே கழற்றி, அந்தத் துளைக்குள் விட்டு, மறுபடி மாட்டுவாள். ஊசியில் நூல் கோப்பது போலத்தான், என்ன, இங்கே ஊசியையே கோக்க வேண்டும்.

முதல் பூவை அறுத்து முடித்ததும் பூ மொத்தமாகக் கீழே விழுந்து, பலகையில் பெரிய ஓட்டைதான் மிச்சம்.

“கொடியோட பூவுக்கு ஒரு ஒட்டு விட்டுருக்கணும் பாப்பா. நான் சுத்தி அறுத்துட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவதில் இதழுக்கு இதழ் ஒட்டு விட்டாள். அறுத்த ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். உப்புத்தாள் தீர்ந்தபோது மீன்காரம்மா காய்ந்த சுறாத்தோல் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். தாளைவிட அது நன்றாகத் தேய்த்தது, வாசனைதான் உயிரை எடுத்தது. அரிசியில் மரத்தூள் கிடக்கிறது என்று தினமும் சண்டை போட்ட என் அம்மா, அந்தப் பூப்பலகையைப் பார்த்த அன்றைக்குச் சண்டையை நிறுத்திவிட்டு, “எனக்குக் கரண்டி மாட்ட ஒண்ணு அறுத்துக் கொடேன்” என்றாள். அவள் சொல்லித்தான் அத்தாவுக்கு அது ரம்பம் என்று தெரிந்தது, தெருவுக்கு மட்டும் எல்லாம் கைரம்பத்தில் அறுத்தது என்றே சொல்லிவைத்தோம்.

சின்னத்தாவிடமிருந்து பதில் கேசட் வந்தது. மறுபடி எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம்.

“அண்ணே, மெஷின் நல்லா ஓடுதுன்னு கேட்டு எனக்குச் சோறே இறங்கல, அம்புட்டு சந்தோஷம். ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். நோன்பு கடைசியில லீவுல வாரேன். எனக்கு ஒரு சட்டை தைச்சு வைக்கச் சொல்லுங்க. அதப் போட்டுத்தான் பெருநாள் தொழுகைக்குப் போவேன்.”

கேசட் ஓடி முடிந்தும் யாரும் பொத்தானை அணைக்கவில்லை. அத்தாதான் எழுந்து அணைத்தார்.

“புள்ள, சின்னம்மாட்ட சொல்லு. பஜார் டெய்லர்ட்ட ஒரு சட்டை தைக்கக் கொடுத்துருவோம்.”

நான் திரையை விலக்கிச் சொன்னேன்.

“அளவுச் சட்டை பெட்டிக்குள்ள இருக்குன்னு சொல்லு” என்றாள்.

“அந்த மெஷின இனி வீட்டுல வைக்க வேணாம்னு சொல்லு. தேவகோட்டையில மரக்கடை வச்சிருக்கவரு எடுத்துக்கிறேன்னுருக்காரு. ரிப்பேருக்கு மதுரைக்குப் போயிருக்குன்னு தம்பிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அதையும் சொன்னேன். நான் திரையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சின்னம்மாவின் விரல்கள் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தன.

“கொடுக்க வேணாம்னு சொல்லு” என்றாள்.

நான் திரும்புவதற்குள் அத்தாவின் குரல் உயர்ந்தது. “கண் காணாத ஊர்ல கிடந்து பாத்துப் பாத்து வாங்கி அனுப்புனவன். தையல் மெஷினுன்னு ரம்பத்த வாங்கிட்டான்னு தெருவே சிரிச்சா அவன் மூஞ்சிய எங்கன கொண்டு போய் வைப்பான்? அதக் கேளு புள்ள.”

அத்தா சொன்னது அவளுக்கும் பயம்தான். அன்று சாயங்காலம் கஞ்சிக்கு அரிசி புடைக்கும்போது அம்மாவிடம் அழுதுவிட்டாள். “எனக்குன்னு இந்த வீட்டுல இருக்கது இது ஒண்ணுதான் லாத்தா. அது போயிட்டா நான் மத்தியானத்துல என்ன செய்வேன்? ஆனா இத வச்சுக்கிட்டா அவுக தலைகுனியணும். ஊரு சிரிச்சா அவுகளுக்கு என்மேலயே மனசு விட்டுப்போயிரும்.” அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அத்தாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. எனக்கு அத்தாமேல் அப்படி ஒரு கோபம், இரண்டு நாள் அவருடைய செய்திகளைச் சுருக்கிச் சொன்னேன்.

இப்போது யோசித்தால் அத்தாவும் பாவம்தான். தம்பியைத் தகப்பன் போல வளர்த்தவர். தம்பி இன்னும் சின்னப் பையன், ஒரு சிரிப்பைக்கூடத் தாங்கமாட்டான் என்று நினைத்துவிட்டார்.

நோன்பு பிறந்ததும் மரக்கடைக்காரர் வந்து பார்த்தார். முன்கூடத்துக்கு எடுத்துவந்த மெஷினில் வேப்பம்பலகை ஒன்றை வைத்து அழுத்தினார். பிளேடு படக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை மாட்டினார், அதுவும் ஒடிந்தது. மெஷினோடு ஒட்டி வந்திருந்த பிளேடு பொட்டலத்தில் ஏற்கெனவே கொஞ்சம்தான் மிச்சம். திரைக்குப் பின்னால் சின்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“இது பொம்மை அறுக்கத்தான் லாயக்கு. பரவால்ல, பெருநாள் கழிச்சு ஆள் அனுப்பி எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவர் நோன்பு திறக்கும் முன் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.

பெருநாள் கழித்து என்றால், சின்னத்தா வரும்போது மெஷின் வீட்டில் இருக்கும். மதுரை ரிப்பேர் கதை செல்லாது. அதனால் அத்தா ஒரு யோசனை செய்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். தம்பிக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று, மெஷின் ஓடும் சத்தத்தையே கேசட்டில் பிடித்து அனுப்பச் சொன்னார்.

“மரம் எதுவும் வைக்க வேணாம். வெறும்னே ஓட்டச் சொல்லு. சத்தம்னா சத்தம்தானே.”

சின்னம்மா மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பிளேடை இறுக்கி, பெருமூச்சு விட்டுச் சுவிட்சைப் போட்டாள். நான் ரிக்கார்டரைப் பக்கத்தில் பிடித்தேன். கேசட்டின் ஒரு பக்கம் முடியும்வரை அந்த மெஷின் காற்றை அறுத்துக்கொண்டிருந்தது. அத்தா நடுவில் ஒருமுறை, “கேக்குதா தம்பி?” என்று சத்தம் போட்டார்.

அந்தக் கேசட்டுக்குப் பதில் வரவில்லை. நோன்பின் கடைசி நாட்களில் ஆளே வந்துவிட்டார். கறுத்து, மெலிந்து, சென்ட் மணக்க, கயிறு கட்டிய பெட்டிகளோடு. மெஷினின் மேல் அத்தா ஏற்கெனவே ஜமுக்காளத்தைப் போர்த்தி வைத்திருந்தார். பஜார் டெய்லர் தைத்த சட்டையை அம்மா தட்டில் வைத்துக் கொடுத்தாள். சின்னத்தா அதை விரித்துப் பார்த்தார், காலரைத் தடவினார். “நல்லாருக்கு” என்று மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுகை முடிந்ததும் பெட்டி திறக்கிற வைபவம். தெருவில் யார் வளைகுடாவிலிருந்து வந்தாலும் பெட்டி திறக்கும்போது எல்லோரும் வந்து உட்காரலாம், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பெண்கள் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பாயில் நெருக்கி உட்கார்ந்தார்கள். சோப்பு, கோடாலித் தைலம், டார்ச் லைட், மெல்லிசு வாயில் துணி என்று ஒவ்வொன்றாகக் கைமாறியது. அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது, புது பிளாஸ்டிக்கும் சோப்பும் கலந்த வாசனை.

அத்தா மட்டும் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பார்ட் குறைகிறது என்று தெருவிடம் ஒரு பொய், ஓயாமல் தைக்கிறாள் என்று தம்பியிடம் ஒரு பொய். இதுவரை இரண்டுக்கும் நடுவே கடல் இருந்தது. இப்போது இரண்டும் எங்கள் கூடத்தில் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தன.

எதிர் வீட்டு மாமி தன் சோப்பை முகர்ந்து பார்த்து மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எல்லாம் சரி தம்பி, அந்தத் தையல் மெஷினுக்குக் குறையுற பார்ட்ட கொண்டாந்தியா? பாவம் உன் பொண்டாட்டி, அத வச்சு ஒரு தையல்கூடப் போட முடியல.”

சின்னத்தா தோளில் கிடந்த சட்டையைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“அது வந்து... பார்ட்டு இல்லாமயே... கொஞ்சம் கொஞ்சமா...” என்று அத்தா இழுத்தார். அவர் கண் என்னைத் தேடியது, நான் போய் யாரிடமாவது எதையாவது சொல்லிவிட்டு வரமாட்டேனா என்பது போல.

“பார்ட்டு எதுவும் குறையல மாமி.”

திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல். கூடத்தில் ஆண்கள் இருக்கும்போது அந்தக் குரல் அவ்வளவு சத்தமாக வந்து யாரும் கேட்டதில்லை.

“அது தையல் மெஷினே இல்ல. மரம் அறுக்குற மெஷினு. அந்தச் சட்டைய பஜார் டெய்லர்தான் தைச்சாரு. அவுக தெரியாம வாங்கிட்டாக, அதுக்கு யாரும் அவுகளச் சிரிக்காதீக. எனக்கு அந்த மெஷின் புடிச்சிருக்கு. நான்தான் அதுல அறுக்குறேன். அத மரக்கடைக்குக் கொடுக்க வேணாம்.”

சிரிக்காதீர்கள் என்று சொன்னால் எங்கள் தெரு சிரிக்காமல் இருக்குமா? முதலில் ஒரு மூலையில் யாரோ கிளுக்கென்றார்கள். “தையல் மெஷினுன்னு ரம்பத்தையா...” என்று மாமி ஆரம்பித்ததும் பாய் முழுக்கச் சிரிப்பு. சின்னத்தாவின் காதுமடல் சிவந்துபோனது. அத்தா தலையைக் குனிந்துகொண்டார். எதை நினைத்து அத்தனை நாள் பயந்தாரோ அது நடந்தேவிட்டது. திரையைப் பிடித்திருந்த சின்னம்மாவின் விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“தெரியும்” என்றார் சின்னத்தா.

“என்னடா தெரியும்?”

“நீங்க சத்தம் பிடிச்சு அனுப்புனீங்கல்லண்ணே. ஆசையா ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன். எங்க ரூம்ல ஒரு மலையாளத்து ஆசாரி இருக்காரு. கேட்டதுமே, ‘இது தையல் மெஷின் இல்ல, மரம் அறுக்குறது, எங்க ஒர்க்‌ஷாப்ல இதே மெஷின் இருக்கு’ன்னுட்டாரு. ரூமே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. இங்கன சிரிக்கிறதெல்லாம் ஒண்ணுமே இல்ல.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேடா?”

“அம்புட்டு நேரம் ஓட்டிக் காட்டிருக்கீங்க. எப்படிண்ணே சொல்றது, மனசு கஷ்டப்படுவீங்கல்ல?”

இப்போது அத்தாவே சிரித்துவிட்டார். சின்னத்தா பெட்டியின் அடியில் கைவிட்டு, கைலிக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் உள்ளே கொத்துக் கொத்தாக பிளேடு, பழுப்புக் காகிதத்தில் சுற்றியது.

“ஆசாரிதான் கடைக்குக் கூட வந்து பொறுக்கி எடுத்தாரு. இந்நேரம் பிளேடெல்லாம் ஒடிஞ்சு தீந்துருக்கும்னாரு.” அதைச் சொல்லும்போது அவர் திரையைப் பார்த்துத்தான் பேசினார். “அந்தக் கேசட்ட அவரு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாரு. மரம் வைக்காம வெறும்னே ஓட்டுறாங்க, ஆனா பிளேடு எம்புட்டு இறுக்கமா நிக்குது பாரு, கொஞ்சங்கூட அலையல, ஓட்டுறது யாரோ கைதேர்ந்த ஆளுன்னு சொன்னாரு. அது என் வீட்டுக்காரிதான்னு நான் சொன்னேன். அவரு நம்பவே இல்ல.”

திரை விலகியது. சின்னம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். அத்தாவின் நாற்காலியைத் தாண்டி, மாமியின் மடியைத் தாண்டி, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பெட்டியில் மேலாக அவளுக்கென்று ஒரு நைலக்ஸ் புடவை இருந்தது, அதை அவள் பார்க்கவில்லை. பிளேடுப் பொட்டலத்தையும் இன்னும் தொடவில்லை. அத்தனை பேர் முன்னால், புருஷன் முகத்தை நேராகப் பார்த்து, “அந்த ஆசாரி வேற என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.